பலகை மாறினால் போதுமா?



ஆண்டு மலரில் போய் பட்ஜெட் பற்றிக் கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கவிதைக்கும் துணுக்குக்கும் மலரில் நிறைய இடம் இருக்கிறது. இது நம் பாக்கெட் சம்பந்தப்பட்ட விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பட்ஜெட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? டி.வி.யில் மணிக்கணக்காக வாசிக்கும் நிதியமைச்சர். மறுநாள் பேப்பரில் கட்டம் கட்டிப் போடும் 'விலை ஏறும், விலை குறையும்' பட்டியல். அந்தப் பட்டியலில் 'செமஸ்டர் ஃபீஸ் ஏறும்' என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? இருக்காது. படிப்புக் கட்டணம் பட்ஜெட் அன்றைக்கு ஏறுவதே இல்லை. பட்ஜெட் புத்தகத்தில் எங்கோ ஒரு வரி சத்தமில்லாமல் இளைக்கும். இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு பல்கலைக்கழகத்து நோட்டீஸ் போர்டில் கட்டணம் கொழுக்கும். அது இளைத்ததும் இது கொழுத்ததும் ஒரே சங்கதி என்று யாருக்கும் தோன்றாது. தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம்மில் பாதிப் பேராவது டிப்ளமோ முடித்த கையோடு லேட்டரல் என்ட்ரியில் இரண்டாமாண்டு பி.இ. சேர வேண்டும் என்று இருக்கிறோம். ஒடுகத்தூர் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது.

"இன்னாபா, அடுத்தது இன்னா பண்ணப் போற?"

"இன்ஜினியரிங் போலாம்னு இருக்கேண்ணா."

"கவர்மெண்டா, பிரைவேட்டா?"

"கவர்மெண்டு கெடைச்சா கவர்மெண்டு."

"அப்ப இன்னா கவலை? காசே இல்லியே!"

இந்த 'காசே இல்லியே' என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பக்கம் ரொம்ப ஆழமானது. அது சும்மா வந்த நம்பிக்கையும் அல்ல. அரசுப் பள்ளியும், சத்துணவும், இலவச பஸ் பாஸும் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகள்தான் நாம். ஆனால் 'அரசு' என்ற சொல் பலகையில் இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் பட்ஜெட்டில் பணமும் இருக்க வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. சிதம்பரம்.

1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2012-ல் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறியது. ஊழியர் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சம்பளத்தைக் குறைக்கப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னதும் போராட்டம் வெடித்தது. 2013 ஏப்ரலில் அரசு தன் அதிகாரி ஒருவரை நிர்வாகியாக நியமித்தது. பிறகு சட்டமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகத்தை முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகையாக இருந்த ஊழியர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒரு பெரிய நிறுவனம் மூழ்காமல் காப்பாற்றப்பட்டது.

ஆனால் அங்கே இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. 2020-ல் அங்கே எம்.பி.பி.எஸ். படிக்க ஒரு வருஷத்துக்கு 5.4 லட்ச ரூபாய் வரை கட்ட வேண்டும். அதே வருஷம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எவ்வளவு தெரியுமா? 13,610 ரூபாய். ஏறக்குறைய நாற்பது மடங்கு வித்தியாசம்! இரண்டு இடத்துக்கும் சொந்தக்காரர் ஒரே அரசுதான். கவுன்சலிங்கில் சீட்டு வாங்கிப் போன பையனுக்கு, 'நீ சேர்ந்தது அரசுக் கல்லூரி, ஆனால் கட்ட வேண்டியது தனியார் கட்டணம்' என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பயிற்சி மருத்துவர்களும், முதுநிலை மாணவர்களும், பல் மருத்துவப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பது நாளுக்கு மேல் நடந்தது. நடுவில் கல்லூரியை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்கள் நகரவில்லை. கடைசியில் 2021 ஜனவரி முடிவில் அந்தக் கல்லூரியை உயர்கல்வித் துறையிடமிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. அடுத்து கட்டணமும் இறங்கியது. எம்.பி.பி.எஸ். 13,610 ரூபாய், பல் மருத்துவம் 11,610 ரூபாய். பெருந்துறை மருத்துவக் கல்லூரிக்கும் அதே நேரத்தில் கட்டணம் அரசு அளவுக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள் நண்பர்களே. ஜனவரியில் இருந்த அதே கட்டடம், அதே வாத்தியார், அதே நோயாளி, அதே சவக்கிடங்கு. பிப்ரவரியில் செலவு நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதா? இல்லை. செலவு இருந்த இடத்தில்தான் இருந்தது. அதைக் கட்டுகிற கை மாறியது, அவ்வளவுதான். 'செலவு ஏறிவிட்டது, அதனால் கட்டணம் ஏற்றுகிறோம்' என்று யார் சொன்னாலும் எனக்கு இப்போது பாதிக்கு மேல் நம்பிக்கை வருவதில்லை. மிகையாக ஆள் எடுத்தது யாரோ, கணக்கு பார்க்காமல் விட்டது யாரோ. அதில் ஒரு கையெழுத்துகூடப் போடாத பிள்ளை எதற்காக வருஷத்துக்கு ஐந்து லட்சம் கட்ட வேண்டும்?

சரி, அது மருத்துவம், நமக்கும் அதற்கும் ரொம்ப தூரம் என்பீர்கள். பக்கத்துக்கு வருவோம். 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரும்வரை நம் வேலூர்ப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் எல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் கீழ்தான் இருந்தன. 1857-ல் தொடங்கியது. நம் ஊரில் பழைய பி.ஏ., பி.எஸ்சி. சான்றிதழ் யார் வீட்டிலாவது சட்டம் போட்டு மாட்டியிருந்தால் அதில் இருப்பது அந்தப் பெயர்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. வரி பாக்கி 424 கோடி ரூபாய் என்றார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு எதற்கு வருமான வரி என்று நானும் கேட்டேன். காரணத்தைத் தெரிந்துகொண்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு கல்வி நிறுவனத்துக்கு வருகிற மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருந்தால்தான், அது கணிசமாக அரசு நிதியில் நடக்கிற நிறுவனம் என்று கருதி அந்த வகையில் வரிவிலக்கு. மானியம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதால் அந்த விலக்கு இல்லையாம்! அதாவது, முதலில் மாநில அரசு தன் பங்கைக் குறைத்தது. குறைத்த காரணத்தாலேயே மத்திய அரசின் வரித்துறை வந்து 'நீ அரசு நிறுவனமே இல்லை' என்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயசான அரசுப் பல்கலைக்கழகத்தைப் பார்த்து! விழுந்தவனை மாடு மிதித்த கதை.

மானியம் எப்படிக் குறைகிறது? ஒரே வெட்டாக யாரும் வெட்டுவதில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கணக்கு பார்க்கிறது. 'இந்தப் பணியிடத்துக்கு அரசு அனுமதி இல்லை, இந்தச் செலவுக்கு ஒப்புதல் இல்லை' என்று ஆட்சேபம் எழுதுகிறது. அந்த ஆட்சேபத்தைக் காட்டி அரசு அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் சுமை பல்கலைக்கழகத்தின் தலையிலேயே கிடக்கிறது. வேலை செய்கிறவர்களைவிட ஓய்வு பெற்றவர்கள் கூடக்கூட அந்தச் சுமையும் கூடும். 1966-ல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். 2023, 2024-ல் அங்கே சம்பளமும் பென்ஷனும் மாதக்கணக்கில் வராமல் பேராசிரியர்களே வாசலில் உட்கார்ந்தார்கள்.

இப்படி மாட்டிக்கொண்ட ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காசு வர என்ன வழி இருக்கிறது? கல்லூரிகளிடம் வாங்கும் இணைப்புக் கட்டணம், தபால் வழிப் படிப்பு, பரீட்சை ஃபீஸ். தபால் வழிப் படிப்புக்கு எல்லைக் கட்டுப்பாடுகள் வந்து அந்த வருமானம் சுருங்கிவிட்டது. மிச்சம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பரீட்சை எழுதுகிறவன்தான். அவன் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை.

2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு பேப்பருக்கு 150 ரூபாயாக இருந்த தேர்வுக் கட்டணத்தை 225 ஆக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும், அந்த செமஸ்டருக்குப் பழைய கட்டணமே போதும் என்று அப்போதைய உயர்கல்வி அமைச்சர் க.பொன்முடி அறிவித்தார். 75 ரூபாய்தானே, ஒரு பிரியாணி காசு என்று ஒரு நண்பர் கேட்டார். (ஆம்பூர்ப் பக்கத்து ஆள், எதையும் பிரியாணியில்தான் அளப்பார்!) கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒன்பது பேப்பர் எழுதுகிறவனுக்கு 1,350 ரூபாய் 2,025 ஆகிறது. அதோடு நாலு அரியர் இருந்தால் 1,950 ரூபாய் 2,925 ஆகிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து முதல் வருஷம் இங்கிலீஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்டி அரியர் வைக்கிறவன் யார்? நம்மைப் போன்றவன். ஆக, தடுமாறுகிறவனிடம் அதிகமாகவும், தடுமாறாதவனிடம் குறைவாகவும் வசூலிக்கிற வரி இது. உலகத்தில் எந்த வரியும் இப்படி இல்லை.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2020-ல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 'உயர்சிறப்பு' அந்தஸ்து வாங்கும் பேச்சு நடந்தது. மாநில அரசு பணம் தராவிட்டாலும் வருஷத்துக்கு 314 கோடி ரூபாய் அளவுக்கு உள் வருவாயிலேயே திரட்டிக்கொள்ள முடியும் என்ற பொருளில் அப்போதைய துணைவேந்தர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். உள் வருவாய்! எவ்வளவு அழகான சொல். கேட்டால் பல்கலைக்கழகத்துத் தோட்டத்தில் பணம் காய்க்கிறது என்று தோன்றும். கட்டணம் உயரும், இடஒதுக்கீடு பாதிக்கப்படும் என்று சொல்லி அந்த அக்டோபரில் மாநில அரசு அந்த அந்தஸ்தே வேண்டாம் என்றது. அது சரியான முடிவு என்பது என் கருத்து. இனிமேல் எந்த அறிக்கையில் 'உள் வருவாய்' என்று படித்தாலும் பக்கத்தில் பென்சிலால் 'நாம்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எந்தக் கட்சியையும் மனசில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. சிதம்பரத்து ஏழு வருஷமும் ஒரு ஆட்சியில். மெட்ராஸ் யுனிவர்சிட்டி கணக்கு முடங்கியது இன்னொரு ஆட்சியில்.

'படிக்கிறவன்தானே நாளைக்குச் சம்பாதிக்கப் போகிறான், அவனே கட்டட்டும்' என்று ஒரு வாதம் உண்டு. படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள், அதுவும் இலவசமாகப் படித்துவிட்டு வந்தவர்கள்! இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல நாம் டெல்லிக்குப் போக வேண்டாம். நம் பாலாற்றங்கரையே போதும்.

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு மலையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஆடு வந்து இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆடு கறிக்குப் போகிறது, தோல் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று போகிறது. ஒரு காலத்தில் இந்தியா தோலைப் பச்சையாகவும் அரைகுறைப் பதமாகவும் கப்பலேற்றிவிட்டு, வெளிநாட்டான் அதில் செய்த ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1972-ல் சீதாராமையா கமிட்டி இதை மாற்றச் சொன்னது. பதப்படுத்தி முடித்த தோலும் ஷூவும் இங்கேயே செய்தால்தான் காசு என்றது. சொல்லிவிடலாம், செய்வது யார்? அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வந்தார்? வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையோடு மெட்ராஸ் பல்கலைக்கழகம் 1944-ல் தொடங்கிய ஏ.சி. டெக்கில் இருந்தும், 1948-ல் மத்திய அரசு அடையாறில் தொடங்கிய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தும், தரமணியில் இருக்கும் அரசு தோல் தொழில்நுட்பப் பாலிடெக்னிக்கில் இருந்தும் வந்தார். இவற்றையெல்லாம் நடத்திய காசு பெரும்பாலும் அரசுக் காசு, அதாவது ஊரார் காசு. அங்கே படித்தவர் சம்பளம் வாங்கினார், உண்மை. ஆனால் அவர் வைத்த ஃபார்முலாவில் பதமான தோலை விற்று டாலர் வாங்கியது யார்? முதலாளி. அந்நியச் செலாவணி யாருக்கு? நாட்டுக்கு. வேலை யாருக்கு? நம் வீட்டுப் பெண்களுக்கு. இத்தனை பேர் பலன் பெறுகிற ஒரு காரியத்துக்கு, படித்த ஒருத்தன் மட்டும் பில் கட்ட வேண்டும் என்பது என்ன நியாயம்?

இன்னும் ஒன்று. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அந்தக் காலகட்டத்தில் டேனரிகள் ஒன்றாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட மத்திய அரசு 25 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் மானியம் தரும் திட்டம் இருந்தது. மிச்சம்தான் கடனும் சொந்தப் பணமும். நான் அதைக் குறை சொல்லவில்லை. நம் தண்ணீர்தானே சுத்தமாக வேண்டும்! ஆனால் தொழிற்சாலைக் கழிவைச் சுத்தம் செய்யப் பாதிச் செலவை அரசு ஏற்கலாம் என்றால், ஒரு பையன் மூளையைத் தீட்டுகிற செலவை ஏற்கும்போது மட்டும் ஏன் 'இலவசம், இலவசம்' என்று முகத்தைச் சுளிக்க வேண்டும்?

பணக்காரப் பிள்ளையும் அதே குறைந்த கட்டணத்தில்தானே படிக்கிறான் என்ற கேள்வி நியாயமானதுதான். அவன் அப்பாவிடம் வருமான வரியாக வாங்குங்கள். கல்லூரி வாசலில் ஒவ்வொருவரையும் நிறுத்தி 'நீ ஏழையா, காட்டு' என்று வருமானச் சான்றிதழ் கேட்டால், தாசில்தார் ஆபீஸுக்கு நடப்பது பணக்காரப் பிள்ளை அல்ல.

'அரசிடம் பணம் எங்கே இருக்கிறது?' இதுதான் எல்லாருடைய கடைசிக் கேள்வி. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டாம். மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பிரிக்கும் பங்கில் தமிழ்நாட்டுக்கு 9-வது நிதிக்குழு காலத்தில் 7.931 சதவீதம் கிடைத்தது. 15-வது நிதிக்குழுவில் அது 4.079 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தானாக வரி போட்டுக்கொள்ளும் இடமும் குறைந்தது. கல்வியோ 1976-லேயே பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. அதாவது அதிகாரத்தில் பங்கு, செலவில் கைவிரிப்பு.

டெல்லியின் போக்கும் அப்படித்தான். கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்று 1966-லேயே கோத்தாரி கமிஷன் சொன்னது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத் திரும்ப எழுதியிருக்கிறது. நடுவில் ஐம்பத்து நாலு வருஷம்! ஒரு தடவைகூட எட்டவில்லை. 1993-ல் புன்னையா கமிட்டி, மத்தியப் பல்கலைக்கழகங்கள் நடைமுறைச் செலவில் 15 சதவீதத்தைத் தாங்களே திரட்ட வேண்டும், பத்து வருஷத்தில் அதை 25 சதவீதமாக்க வேண்டும் என்றது. 2017-ல் ஹெஃபா என்று ஒரு நிதி நிறுவனம் வைத்தார்கள். மானியத்துக்குப் பதிலாக உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கடன். கடனைத் திருப்பிக் கட்ட என்ன வழி? பென்சிலை எடுங்கள்.

வெளிநாட்டுக் கதை ஒன்றிரண்டு. இங்கிலாந்தில் 2010-ல் பாராளுமன்றத்தில் ஓட்டெடுத்து 3,290 பவுண்டாக இருந்த உச்சக் கட்டணத்தை 9,000 ஆக்கினார்கள். ஜெர்மனியில் அதற்கு நேர்மாறாக, கட்டணம் போட்ட மாநிலங்கள் ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கி, 2014-ல் கடைசி மாநிலமும் எடுத்துவிட்டது. இரண்டும் பணக்கார நாடுதான். ஆகவே கஜானா மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. நம் பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1945-லேயே கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்த நாடு. யாழ்ப்பாணப் பிள்ளையும் மலையகத்துப் பிள்ளையும் அதில்தான் பட்டம் வாங்கினார்கள். அங்கேயும் பட்ஜெட் இளைத்தது. 2012-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 'கல்விக்கு 6 சதவீதம்' என்று கேட்டு மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோத்தாரி சொன்ன அதே 6! ஆசிரியர்கள் சம்பளத்தோடு சேர்த்துப் பட்ஜெட்டையும் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

நம்மிடம் வருவோம். என் அக்கா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். விடிகாலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது எனக்குப் பாதித் தூக்கம். பத்தாவதில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள். இரண்டு பேரையும் படிக்க வைக்க வீட்டில் முடியாது என்றபோது யாரும் அவளை நிறுத்தவில்லை. அவளே நின்றுகொண்டாள். என் டிப்ளமோ அவள் ஓவர்டைமில் ஓடியது. இப்போது நான் பி.இ. சேர்ந்தால் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுக்கலாம் என்கிறாள். அது அவள் கல்யாணத்துக்கு என்று அம்மா சொல்லிவைத்த பணம். அரசுக் கல்லூரி கிடைத்தால் அந்தப் பணத்தைத் தொட வேண்டியதில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். சேரும்போது சொன்னது ஒரு தொகை. போன பிறகு பஸ்ஸுக்கு, டிரெயினிங்குக்கு, யூனிஃபார்முக்கு என்று சொன்னது இன்னொரு தொகை. ரசீது கேட்டால் ஆபீஸில் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். பாகாயம் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று நான் ராத்திரி கணக்கு போடுவது இதனால்தான். நான் மட்டுமா? நம் வகுப்பில் எண்ணிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பின்னால் ஒரு அக்காவோ அம்மாவோ தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2010-ல் வந்த முதல் பட்டதாரி சலுகை எத்தனையோ வீட்டில் முதல் இன்ஜினியரை உண்டாக்கியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோ பிள்ளைகளுக்கும் உண்டு. அந்த ஆயிரத்தின் அருமை வாங்கினவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆயிரம் ரூபாய் என் கணக்கில் விழும்போது செல்லில் மெசேஜ் வருகிறது, ஊருக்கே தெரிகிறது. பல்கலைக்கழக மானியத்தில் ஒரு கோடி குறையும்போது யாருக்கும் மெசேஜ் வருவதில்லை. சலுகையை அடுத்த வருஷம் ஒரு அரசாணையில் மாற்றலாம். லேப்பில் மிஷின் இல்லாமல், வாத்தியார் பணியிடம் காலியாகக் கிடந்து, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிற கல்லூரியில் ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு என்ன படிப்பது?

அதனால் நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. இதுவரை நாம் மனு கொடுத்ததெல்லாம் கட்டணம் ஏறிய பிறகு. அதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. பட்ஜெட்டுக்கு முன்னால் போக வேண்டும். தமிழ்நாடு பட்ஜெட் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. உயர்கல்வித் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 20. அதோடு கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் சட்டமன்றத்தில் வைப்பார்கள். தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு என்று போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெர்னியர் பார்க்கிற கண்ணால் பாருங்கள். பாயிண்ட் நாட் டூ மில்லிமீட்டர் வரை அளக்கப் படித்த நமக்கு இது ஒரு வேலையா?

கேட்க வேண்டியதும் பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. பென்ஷன் பாரத்தைப் பல்கலைக்கழகத்தின் தலையிலிருந்து இறக்கி அரசு ஏற்க வேண்டும். தணிக்கை ஆட்சேபம் இருந்தால் தவறு செய்த அதிகாரியிடம் வசூலிக்கட்டும், மானியத்தில் பிடிக்க வேண்டாம். அரியர் பேப்பருக்குக் கட்டணம் ஏற்றுவதில்லை என்று எழுத்தில் தர வேண்டும். சிதம்பரத்தில் 2021-ல் செய்ய முடிந்தது 2013-லேயே செய்ய முடிந்திருக்கும். நடுவில் படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பணத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

முதல் வேலையாக ஒரு மனு தயாராகிறது. நம் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பிரதி, உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு பிரதி. லைப்ரரியில் பேப்பர் படிக்கும் மேஜை மேல் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். பெயர், பிரிவு, ஆண்டு, கையெழுத்து. மெக்கானிக்கல்காரர்கள் ஏற்கெனவே இரண்டு பக்கம் நிரப்பிவிட்டோம். சிவில்காரர்கள் இன்னும் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். முதலாமாண்டுத் தம்பி தங்கைகளும் போடலாம். கட்டப்போகிறவர்கள் நீங்கள்தான்.